எலியைத் தூங்கவைத்த கதை

முனைவர் பட்ட ஆய்வுக்காக விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்கு அறுவை செய்ய வேண்டியிருந்தது. அனுமதி கேட்கும் பி படிவத்தை நிரப்பி விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கொடுத்தேன். திரும்பி வந்தது. மயக்க மருந்தின் அளவை விலாவாரியாக எழுதியவன், அறுவைக்குப் பிந்தைய வலிக்கு என்ன தருவாய் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தேன். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிய பிறகுதான் ஒப்புதல்.

அப்புறம் கெட்டமின் என்ற மயக்க மருந்து. 2013 இறுதியில் அது கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலுக்குள் போய்விட்டதால் சும்மா கடையில் கேட்டு வாங்க முடியாது. பூட்டிய அலமாரி, பதிவேடு, எடுக்கும்போதெல்லாம் கையெழுத்து. சரி, இதெல்லாம் காகித வேலை.

முதல் எலி 220 கிராம். கிலோவுக்கு 80 மில்லிகிராம் கெட்டமின், கூடவே தசையைத் தளர்த்தும் சைலசீன் 10 மில்லிகிராம். கணக்குப்படி இரண்டும் சேர்ந்து அரை மில்லிகூட வரவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் ஊசி. இடப்பக்கம் குத்தினால் பெருங்குடல் பையில் இறங்கிவிடும் அபாயம். சில நிமிடங்களில் சாய்ந்தது. கண் மட்டும் திறந்தே இருந்தது. முழித்திருக்கிறதோ என்று பயந்தேன். கெட்டமினில் அப்படித்தான். கண் காயாமல் களிம்பு தடவி, கால் விரலிடுக்கை இடுக்கியால் நன்றாகக் கிள்ளினேன். காலை இழுக்கவில்லை. ஆரம்பிக்கலாம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது, தையலும்தான். அரை மணி கழித்துப் பார்த்தால் மூச்சில்லை. கையில் எடுத்தேன், சில்லென்று இருந்தது.

மருந்து கூடிவிட்டதா என்று கணக்கை மூன்று தடவை போட்டேன். எலிகளைப் பராமரிக்கும் அனிமல் ஹவுஸ் அண்ணன் மேசையைத் தொட்டுப் பார்த்தார். "ஸ்டீல் மேசை, மேல ஏசி, இவ்ளோ முடி வழிச்சு ஸ்பிரிட்டும் தடவியிருக்கீங்க. குளிர்ல போயிருக்கும் தம்பி" என்றார். மயங்கிய எலியால் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. சின்ன உடம்பு, மளமளவென்று ஆறிவிடும். வகுப்பில் படித்ததுதான்.

அடுத்த எலிக்கு வெட்ட வேண்டிய அளவு மட்டும் முடி மழித்தேன். துண்டு சுற்றிய சூட்டுப்பட்டை, ஆசனவாயில் வெப்பமானி, 37 டிகிரியில் ஒரு கண். முடிந்ததும், கூண்டில் பரப்பும் உமி மூக்கில் ஏறாதிருக்கத் தனிக்கூண்டில் துணி விரித்துக் கிடத்தி, அவ்வப்போது பக்கம் மாற்றிப் போட்டேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. துணி முழுக்க மூத்திரம், சைலசீனின் வேலை. அண்ணன் துணியை மாற்றினார். "இப்பவே மத்ததுங்களோட விட்டுடாதீங்க, அதுங்க இதைக் கடிச்சுப்புடும்."