16 ஆம்பியர் சாக்கெட், 6 ஆம்பியர் பிளக்: வீட்டில் கட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

கோயில் கொடை, குருசடித் திருவிழா, மாடி காங்கிரீட், எதுவானாலும் நம்மூரில் முதலில் தேடுவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத்தான். கடையில் கிடைப்பது போதாதென்று பலரும் வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்கள். கட்டுவதில் தப்பில்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டு, அதற்கு 6 ஆம்பியர் பிளக்கும் 0.75 எம்.எம். வயரும் கொடுப்பதுதான் தப்பு. துளையின் அளவைப் பார்த்துத்தான் ஆட்கள் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகுவார்கள். உள்ளே என்ன வயர் என்று யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு 26 ஓம். 30 மீட்டர் வயர் என்றால் கரன்ட் போக வர 60 மீட்டர், அதாவது 1.56 ஓம். சுமார் 118 வாட் வயரிலேயே சூடாகிறது. நீட்டிப் போட்டிருந்தால் காற்றில் ஆறும். மிச்சத்தைச் சுருட்டி மூலையில் வைத்தால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் பிவிசி இளகி ஒட்டிக்கொள்ளும். சுவரிலுள்ள 16 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே இறங்கி இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இதற்கு இறங்காது. அதன் கணக்கில் 8.7 என்பது பாதிதான். அதே நீளத்துக்கு 2.5 எம்.எம். வயர் போட்டால் சூடு 36 வாட்டாகக் குறையும்.

அதனால் 16 ஆம்பியர் சாக்கெட் வைப்பதானால் பிளக் டாப்பும் 16 ஆம்பியர், வயர் ஐ.எஸ். 694 முத்திரையுள்ள மூன்று கோர் 2.5 எம்.எம். உருண்டை கேபிள். பெட்டிக்குள் 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ ஒன்று. கரன்ட் கசிந்தாலும் ஓவர்லோடானாலும் இறங்கும் ஸ்விட்ச் அது. ஆர்சிசிபி மட்டும் வாங்கினால் கசிவுக்குத்தான் இறங்கும், ஓவர்லோடுக்கு இறங்காது. அப்போது கூடவே எம்சிபியும் வேண்டும்.

பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பேஸும் நியூட்ரலும் ஆர்சிபிஓ வழியாகப் போகட்டும். எர்த் அதைத் தொடாமல் நேரே சாக்கெட்டுக்கு. ஸ்விட்ச் பேஸில்தான் வர வேண்டும். சாக்கெட்டை முன்னால் நின்று பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ். பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டையும்விட 3 செ.மீ. நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அதுதான் கடைசியாகக் கழல வேண்டும். இழுவை கிளாண்டில் (வயர் நுழையும் இடத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) நிற்க வேண்டும், ஸ்க்ரூவில் அல்ல. கிளாண்ட் மேலுறையைக் கவ்வ வேண்டும். உறையை வெளியிலேயே உரித்துவிட்டு மூன்று வயரையும் துளைக்குள் விடுவது வீண். வயர் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள். ஸ்க்ரூ அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி லூஸாகும், லூஸான இடம் கருகும். ஃபெரூல் (நுனியில் மாட்டும் சிறு உலோகக் குழல்) அழுத்தி முறுக்குவதே சரி.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்புப் பெட்டி வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறும். பிவிசி பெட்டியானாலும் ஆனி ஆடிச் சாரலுக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் ஒருமுறை திறந்து ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள். மழையில் நனையும் இடத்துக்குச் சாதாரண பெட்டியைக் கொண்டுபோகவே கூடாது.

செருகுமுன் மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். ஆர்சிபிஓவின் டெஸ்ட் பட்டன் வேலை செய்வதால் எர்த் சரி என்று அர்த்தமில்லை. எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டனை அழுத்தினால் ஆர்சிபிஓ இறங்கும்.

இரண்டு முனையிலும் பிளக் டாப் மாட்டிய வயரை மட்டும் யாரும் செய்யாதீர்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் குமரி மாவட்டமே ஜெனரேட்டரை நம்பியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஜெனரேட்டரிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு இந்த வயரைச் செருகினால், ஒரு முனை கழன்றதும் வெறும் பின்னில் 230 வோல்ட் நிற்கும். மெயினை இறக்க மறந்தால் கரன்ட் வெளியே ஓடி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்த லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார். ஜெனரேட்டரை வீட்டு வயரிங்குடன் சேர்க்க வேண்டுமானால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மெயின் போர்டில் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுடன் இணைப்பது) வையுங்கள். அதுவரை ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே இந்தப் பெட்டியைச் செருகி விளக்கையும் மிக்ஸியையும் ஓட்டிக்கொள்ளுங்கள்.