கவனிப்பில்லாமல் கிடந்த கறுப்பு டிரக்: மிஷின் பாலிஷ் அனுபவம்

பழைய பிக்கப் டிரக், கறுப்பு நிறம். வருடக்கணக்காக வெயிலிலேயே நின்றது, கையில் கிடைத்த துணியை வைத்துத் துடைத்துத் துடைத்து வளர்த்த வண்டி. என் கைக்கு வந்தபோது அதைக் கறுப்பு என்று சொல்வதே கஷ்டம், சாம்பல் பூத்துப்போய் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ரீபெயின்ட் அடித்துவிடு என்றார்கள். அடிக்கவில்லை. பெரும்பகுதியை மிஷின் பாலிஷிலேயே மீட்டுவிட முடிந்தது, அது எப்படி என்று எழுதி வைக்கிறேன், இதே நிலையில் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். இப்போதைய வண்டிகளில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு அடுக்கு இருக்கிறது. நாம் பார்க்கிற சாம்பலும் வட்ட வட்டமான கீறல்களும் பெரும்பாலும் அந்த அடுக்கில் இருப்பவைதான், கீழே கறுப்பு அப்படியே இருக்கிறது. கீறலின் விளிம்பில் பட்டு ஒளி சிதறுகிறது, பின்னணி கறுப்பாக இருப்பதால் அந்தச் சிதறல் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் இருக்கும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அவ்வளவுதான்.

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது இல்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்த்து எடுத்துச் சமமாக்குவது. அந்த அடுக்கோ பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. அதனால் மிஷினை எடுப்பதற்கு முன்னால் பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜ் வைத்து ஒவ்வொரு பேனலாக அளந்தேன். கம்பெனி பெயின்ட் என்றால் மொத்த அடுக்குகளும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரானுக்குள் வரும். ஒரு கதவில் மட்டும் அளவு மிகவும் கூடுதலாகக் காட்டியது, அங்கே எப்போதோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது, அது உலோகத்துக்கு மேல் உள்ள அடுக்கை மட்டும்தான் அளக்கும், அதனால் பம்பரில் மென்மையாகத்தான் போக வேண்டும். கூரையின் பின்மூலையில் கிளியர் கோட் உரிந்து வெள்ளையாகத் தோல் போல எழும்பியிருந்தது. அதைப் பாலிஷால் சரிசெய்ய முடியாது, தேய்த்தால் இன்னும்தான் உரியும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் சுத்தம். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத மண் துகள் ஒன்று, மிஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டமான பேடுக்கு அடியில் மாட்டினால் போதும், புதுக் கீறலை நாமே போட்டுவிடுவோம். ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்துக் கழுவினேன். பிறகு அயர்ன் ரிமூவர் அடித்தேன், பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயின்ட்டில் ஒட்டிய இரும்புத் துகள்களைக் கரைத்து ஊதா நிறத்தில் வழியவிடும், டெயில்கேட்டில் அது வழிந்ததைப் பார்த்தபோதுதான் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றே தெரிந்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாருக்குத் தனியாகத் தார் ரிமூவர். கடைசியாக க்ளே பார், அதாவது ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி, வழுக்குவதற்கு நிறைய லூப்ரிகன்ட் விட்டு, அழுத்தாமல். கை வைத்தால் சொரசொரப்பு போய் வழுக்க வேண்டும், அதுவரை தேய்க்க வேண்டியதுதான். கழுவி நன்றாகக் காயவைத்த பின் ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்கள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் (பாலிஷை விடக் கடுமையாகத் தேய்க்கும் பசை) காய்ந்தால் வெள்ளைக் கறையை எடுப்பது பெரிய பாடு.

மிஷின் என்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர்தான் என் தேர்வு. பேட் வெறுமனே சுழல மட்டும் செய்யும் ரோட்டரி மிஷின் வேகமாகத் தேய்த்து எடுக்கும், ஆனால் ஒரே இடத்தில் சுழல்வதால் சூடும் சீக்கிரம் ஏறும், பழக்கமில்லாத கையில் அது கிளியர் கோட்டைத் தேய்த்தே தீர்த்துவிடும். டூயல் ஆக்‌ஷனில் பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஆபத்து மிகக் குறைவு.

இனி சொல்லப்போவதுதான் இந்த வேலையிலேயே முக்கியமானது: சோதனை இடம். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி கட்டம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு, இருப்பதிலேயே மென்மையான ஃபோம் பேட், மென்மையான பாலிஷ் என்று ஆரம்பித்தேன். பளபளப்பு கொஞ்சம் வந்தது, கீறல் அப்படியே இருந்தது. அடுத்து அதே பேடில் காம்பவுண்ட், பாதி போனது. கடுமையாகத் தேய்க்கும் மைக்ரோஃபைபர் கட்டிங் பேடில் அதே காம்பவுண்டைப் போட்டதும் கட்டத்துக்குள் ஆழமான கறுப்பு, டேப்புக்கு வெளியே சாம்பல், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது, இந்த வண்டி தேறிவிடும் என்று அப்போதுதான் நம்பினேன். எடுத்த எடுப்பிலேயே கடுமையான பேடுக்குப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம், தேவைக்கு மேல் எடுத்த கிளியர் கோட் திரும்ப வராது.

முறை கிடைத்தபின் மீதியெல்லாம் பொறுமைதான். நிழலில், பேனல் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும், சூடான பேனலில் காம்பவுண்ட் உடனே காய்ந்து தூசியாகப் பறக்கும். பேடில் பட்டாணி அளவு நாலைந்து சொட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, முதலில் குறுக்காக, அப்புறம் நெடுக்காக, ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன் பாதியை மூடுகிற மாதிரி மெதுவாக நகர்த்தினேன். பேடை மாட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் பேட் சுழல்கிறதா இல்லை வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். அழுத்தம் கூடினால் சுழற்சி நின்றுவிடும், கீறல் தேய்வதும் நின்றுவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாமல் அடுத்ததுக்குப் போகவே கூடாது, அடைத்துப்போன பேட் தேய்க்காது, மழுப்பும். பானெட்டின் மடிப்பு, கதவு விளிம்பு மாதிரி இடங்களில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே மிஷினைக் கொண்டுபோகாமல் கையாலேயே தேய்த்தேன். கூரைக்கு உறுதியான ஸ்டூல் அவசியம், எட்டி எட்டிச் செய்தால் பேட் சமமாக உட்காராது.

காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் இந்தக் கட்டிங் முடிந்ததும் கறுப்பில் மெல்லிய புகை மாதிரி ஒரு மங்கல் தெரியும். வேறு நிறமாக இருந்தால் பலர் இதோடு நிறுத்தியிருப்பார்கள், கறுப்பில் நிறுத்த முடியாது. மென்மையான ஃபோம் பேட், நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷ், இன்னொரு முறை வண்டி முழுக்க. நிஜமான கறுப்பு இந்த இரண்டாவது சுற்றில்தான் வந்தது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துப் பொய் சொல்லும் என்பதால் தண்ணீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் அந்த எண்ணெயைத் துடைத்து, எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சரிபார்த்தேன்.

நகம் தடுக்குகிற அளவு ஆழமான கோடுகள் சில பின்பக்கவாட்டில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் துரத்தினால் கிளியர் கோட் மிஞ்சாது, விளிம்பை மழுங்கடித்ததோடு விட்டேன். மேலே பெயின்ட்டைப் பாதுகாக்க ஒரு சீலன்ட் பூசியிருக்கிறேன், அதே வேலைக்குச் செராமிக் கோட்டிங்கும் போடலாம், எது போட்டாலும் கழுவும் முறை மாறாவிட்டால் சுழல் கீறல் மறுபடி வரும். அதனால் மிஷின் பிரஷ் வைத்துக் கழுவும் பிரஷ் வாஷ் பக்கம் வண்டியைக் கொண்டுபோவதே இல்லை, தூசியைக் காய்ந்த துணியால் தட்டுவதும் இல்லை. பறவை எச்சம் விழுந்தால் அன்றே ஊறவைத்து எடுத்துவிடுகிறேன். கூரையின் அந்த உரிந்த மூலைக்கு மட்டும் பெயின்டரிடம் போக வேண்டும்.