தைக்கும் முன்பா, தைத்த பிறகா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் டீசேர்ட் பிரிண்டிங் வேலை பார்ப்பவர்களுக்கு ஏப்ரல் வந்தால் தூக்கம் கிடையாது. புதுவருடத்துக்குத் தேயிலைத் தோட்டத்துக்குத் தோட்டம் கிரிக்கெட் மெட்ச். எல்லா டீமும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும் டிசைன் வரணும்."

ஆசை சரிதான். தைத்து முடித்த டீசேர்ட்டைக் கொடுத்து இதைக் கேட்டால்தான் சிக்கல். சப்ளிமேஷன் என்ற சூட்டு அச்சு முறையில் படத்தை முதலில் இடம் வலம் மாற்றிக் காகிதத்தில் அடிக்கிறோம். அதை வெள்ளை பொலியெஸ்டர் துணிமேல் வைத்து ஏறக்குறைய 200 பாகை சூட்டில் ஒரு நிமிடம் போல அழுத்தினால், சாயம் ஆவியாகி இழைக்குள் போய்விடும். காகிதம் ஒட்டிப் படியாத இடத்தில் நிறம் ஏறாது. கமக்கட்டில் துணி எப்படியும் மடியும், பக்கத் தையலும் மேடாக நிற்கும். பந்து போடுகிறவன் கையைத் தூக்கினால் வெள்ளைக் கீறல் பல்லிளிக்கும்.

அதனால் முன், பின், கை என்று தனித்தனியாக அடித்து, வெட்டி, பிறகு தைப்பதுதான் என் வழி. செலவு கூடும், நாளும் பிடிக்கும். இதில் மெசினைவிட டெய்லர்தான் பெரிய ஆள். கோடு போட்ட டிசைனென்றால் இரண்டு பக்கக் கோடும் தையலில் சந்திக்க வேண்டும். எங்களுக்குத் தைக்கும் அக்கா கார்மென்ட்டில் வேலை செய்தவர். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்த உடனேயே, "கழுகு மூக்கு தையல்ல போயிரும் தம்பி, நடுவுக்குத் தள்ளுங்க" என்பார்.

கோவில் திருவிழா டீசேர்ட் வேறு கதை. பருத்திதான் வேண்டும் என்பார்கள். சப்ளிமேஷன் சாயம் பருத்தியில் நிற்காது, பிரேமில் கட்டிய வலை வழியாக மையை அழுத்தித் தேய்க்கும் ஸ்கிரீன் முறைதான். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், பிரேமைத் தாண்டவும் முடியாது. உடம்பு முழுக்க மை ஏற்றினால் மழைக்கோட்டு போட்டதுபோலப் புழுங்கும். நெஞ்சில் வேல், முதுகில் தோட்டத்துப் பெயர் போதும் என்பது என் கட்சி.

அப்புறம் இந்த ஈரம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் காகிதமும் துணியும் சும்மா இருந்தே ஈரம் குடித்துவிடும். அப்படியே அழுத்தினால் ஓரங்கள் கலங்கும், அங்கங்கே நிறம் வெளுக்கும். காகிதத்தைப் பொலித்தீனில் சுற்றி வைக்கிறோம். படம் வைப்பதற்கு முன் துணியைச் சில விநாடி வெறுமனே அழுத்தி எடுக்கிறோம். குப்பென்று ஆவி கிளம்பும். கொழும்பில் தொழில் பழகி வந்த பையன்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரியும், ஜூலை வரைக்கும்.