தண்ணிக்கு அடியில் ஒரு டவுன்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் சித்திரப் பாடம் எடுத்தேன். கொழுந்து மலைக்கு அம்மா போன பிறகு தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, குளிரில் உதடு வெடித்து வகுப்புக்கு வரும் பிள்ளைகள். அவர்கள் வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்ந்ததும் எங்கிருந்தோ ஒன்றை எடுத்து வைப்பார்கள். நான் சொல்லிக்கொடுக்காத ஒன்று. அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் ஆழ்மனத்தை ஆராய்ந்த பிராய்டையும் யுங்கையும் என்னைப் படிக்க வைத்தது.

எழுத்தாளர்களின் பகற்கனவு பற்றி 1908இல் வெளிவந்த கட்டுரையில், விளையாடும் குழந்தை செய்வதைத்தான் படைப்பாளியும் செய்கிறான் என்கிறார் பிராய்ட். தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டி, அதை மெய்யாகவே எடுத்துக்கொள்கிறான். நிறைவேறாத ஆசை அந்த உலகத்துக்கு உரம். படித்தபோது எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது.

அந்தச் சூட்டில்தான் தவறு செய்தேன். ஏழாம் தரத்தில் ஒரு பையன் இருந்தான். எதை வரையச் சொன்னாலும் தண்ணீருக்கு அடியில்தான் வரைவான். தீபாவளி என்றால் தண்ணீருக்குள் மத்தாப்பு எரியும். தோட்டத்து வரிசை வீடான லயத்தை வரைந்தால் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மீன் நீந்தும். அவன் அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போய் மூன்று வருடம். நான் கணக்குப் போட்டுவிட்டேன்: தண்ணீர் ஆழ்மனம், மூழ்கிய வீடு பிரிந்துபோன அம்மா. ஒருநாள் இடைவேளையில் பக்கத்தில் கூப்பிட்டு, "அம்மா நெனப்பு வர்றப்பத்தானே இப்பிடி வரையிற?" என்று கேட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பாடத்தில் ஒரு பூச்சாடி வரைந்தான், அடிமட்டம் வைத்து. அந்தத் தவணை முழுக்கப் பூச்சாடிதான்.

மழை பிந்திய அந்த வருடம் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றியது. 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள் போய்விட்டது. தண்ணீர் இறங்கினால் பழைய கோவில் தலைகாட்டும். சனம் சேற்றில் இறங்கி நடந்து போய்ப் பார்க்கும். அங்கே அந்தப் பையனைக் கண்டேன். "அப்பாயி இங்கதான் கல்யாணச் சீல எடுத்துச்சாம் சேர்" என்றான், ஒரு சுவர்த் துண்டைக் காட்டி. அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்னால் மூழ்கிய டவுன். அதைத்தான் இவ்வளவு நாளும் வரைந்திருக்கிறான். அம்மா அதற்குள் இல்லையா? இருந்திருக்கலாம். அதைத் தோண்டி எடுக்க எனக்கு உரிமை இல்லை.

அப்புறம் யுங் 1922இல் கவிதை பற்றி ஆற்றிய உரையைத் திரும்பப் படித்தேன். முதல் தடவை அவசரமாகத் தாண்டிப்போன இடத்தில் இந்த முறை நின்றுவிட்டேன். செடி எந்த மண்ணில் நிற்கிறது என்று தெரிந்தால் செடியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், ஆனால் மண்ணை விளக்கிவிட்டால் செடியை விளக்கியதாகாது என்கிறார். கலைஞனின் சொந்தக் காயம் அந்த மண். படைப்பு அதை உறிஞ்சி வளரும் வேறோர் உயிர். தேயிலைக்கு நடுவே வாழும் எங்களுக்கு இதைப் புத்தகம் சொல்லியா தெரியவேண்டும்? யுங்கும் தன்னிடத்தில் அப்படித்தான் நடந்துகொண்டார். 1913இல் பிராய்டைப் பிரிந்து மனம் கலங்கிய காலத்தில், உள்ளே எழுந்த உருவங்களை விரட்டாமல் வரவிட்டு எழுதினார், தீட்டினார். அவை சேர்ந்த ‘சிவப்புப் புத்தகம்’ அவர் இறந்து பல வருடம் கழித்து, 2009இல்தான் அச்சில் வந்தது.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி வேஷம் கட்டுபவர் கவ்வாத்து வெட்டும் ஒரு அண்ணன். மனைவியைப் பறிகொடுத்தவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். காமனை எரித்த இரவில் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் ரதியாக ஒப்பாரி வைப்பார். லயத்துப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அழுவார்கள். விடிந்ததும் தேத்தண்ணி கொடுப்பார்கள். யாருக்காக அழுதாய் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அவரைக் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த உளப்பகுப்பாய்வாளர் வின்னிகாட் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அவர் தாளில் ஒரு கிறுக்கல் போடுவார், பிள்ளை அதை ஏதாவது உருவமாக்கும். பிறகு பிள்ளை கிறுக்கும், அவர் முடிப்பார். அடுத்த தவணை வகுப்பில் அதைத் தொடங்கினேன், கேள்வி கேட்காமல். பையனுக்கு ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தேன். கோபுரமாக்கினான். மேலே ஒரு மீன் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, "சேர், நீலம் முடிஞ்சிருச்சு" என்றான்.

என் பெட்டியில் ஒரு நீலப் பேஸ்டல்தான் இருந்தது. பாதியாக உடைத்துப் பெரிய துண்டைக் கொடுத்தேன்.