சர்குலரில் இல்லாத தேதிகள்: ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு

ஐந்தாம் வகுப்பு வரை எந்த அறிவிப்பானாலும் வகுப்பாசிரியர் ஒருவர் கை வழியாகத்தான் வரும். டைரியைத் திறந்தால் போதும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பாடத்துக்கு ஒருவர் என்று ஆறேழு ஆசிரியர்கள். அறிவியல் ஆசிரியர் கண்காட்சிக்குத் தேதி சொல்வார், உடற்கல்வி ஆசிரியர் தகுதிச் சுற்றுக்கு, இசை ஆசிரியர் ஒத்திகைக்கு. ஒருவர் குறித்த நாள் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இத்தனை செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது பதினோரு வயதுப் பிள்ளை. அதனால்தான் பாதிச் செய்தி வந்து சேருவதில்லை; பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

சர்குலரில் கொட்டை எழுத்தில் இருப்பது நிகழ்ச்சி நடக்கும் நாள். வீட்டுக்கு அதைவிட முக்கியமானவை அதற்கு முன்னால் வரும் நாள்கள்: பெயர் கொடுக்கக் கடைசி நாள், கையெழுத்திட்ட படிவம் திரும்ப வேண்டிய நாள், பணம் கட்டும் நாள், உடை ஒத்திகை. இவை பெரும்பாலும் மூன்றாவது பத்தியில், நன்றி சொல்லும் வரிக்குச் சற்று மேலே ஒளிந்திருக்கும். பென்சிலோடு உட்கார்ந்து இவற்றை வட்டமிட்டுவிடுங்கள். கூடவே இன்னொன்றையும் தேடுங்கள்: முடியும் நேரம். "மாலை 4 மணிக்குத் தொடங்கும்" என்று இருக்கும், எப்போது முடியும், எந்த வாசலில் வந்து அழைத்துப்போவது என்று இருக்காது. பள்ளியில் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டு உள்ள படிவமாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்த பிறகே கிழியுங்கள். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் அந்தத் துண்டின் பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும், துண்டோடு அதுவும் போய்விடும்.

தேதிகளை எழுத ஒரே ஒரு காலண்டர் இருக்கட்டும், சுவரில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில். எழுதுவது பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ எழுதிவைத்தால் பிள்ளை அதைத் திரும்பியும் பார்க்காது. ஞாயிறு மாலை பத்துப் பதினைந்து நிமிடம் போதும்: பையைத் தலைகீழாகக் கொட்டுவது, டைரியையும் பள்ளியின் ஆப்பையும் பார்ப்பது, அடுத்த இரண்டு வாரத்தை எழுதுவது. ஒரு வாரம் மட்டும் பார்த்தால், வெள்ளைச் சட்டை வேண்டும் என்பது முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரியவரும். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றால் காலண்டரில் புதன் என்று எழுதுங்கள். பிரின்டரில் மை தீரும், வாங்க வேண்டிய ஆசிரியர் வியாழக்கிழமை விடுப்பில் இருப்பார். அந்த இரண்டு நாள் இதற்கெல்லாம்தான்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஆறுதலுக்கு நல்லது, தேதிக்கு ஆகாது. "நாளைக்கு லீவாமே" என்று ஒருவர் கேட்டதை நாலாவது ஆள் "நாளைக்கு லீவு" என்று பகிர்வார். டைரியிலோ ஆப்பிலோ வராத எதையும் காலண்டரில் ஏற்ற வேண்டாம்.

இனி நிகழ்ச்சிகள். இந்த வயதில் வீட்டை அதிகம் ஆட்டிவைப்பது அறிவியல் கண்காட்சி. காரணம் எளிது: ஆறு வார வேலை, ஒரு மாலை நிகழ்ச்சி போல அறிவிக்கப்படுகிறது. பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி வாரம் பலகையும் பேசிப்பார்ப்பதும். அதற்கு முந்தின வாரம் வரைபடமும் எழுத்தும். அதற்கு முன் இரண்டு வாரம் சோதனை. அதற்கு முன் ஒரு வாரம் வெள்ளோட்டம். ஆக, கேள்வியை முடிவு செய்ய முதல் வாரம்தான் இருக்கிறது. பலர் தவறவிடுவது வெள்ளோட்டத்தை. கையில் இருக்கிற தராசு போதாது, பாட்டில் வாய்க்குப் பலூன் பொருந்தாது போன்ற சங்கதிகள் அப்போதுதான் வெளியே வரும்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும்? ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒன்றை எண்ணால் அளக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். சமையல் சோடாவும் வினிகரும் பொங்கும் எரிமலை கண்ணுக்கு வேடிக்கை, ஆனால் அதில் கேள்வியே இல்லை. அதே இரண்டு பொருளை வைத்து நல்ல சோதனை ஒன்று செய்யலாம். வினிகரை 50 மில்லியில் நிறுத்திவிட்டு சோடாவின் அளவை மட்டும் மாற்றுவது. வெளியேறும் வாயுவால் பலூன் எவ்வளவு உப்புகிறது என்று அளப்பது. சோடாவை அளக்க சமையலறைத் தராசு உதவாது. ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத தராசில் ஒரு கிராம் வித்தியாசத்தை நம்ப முடியாது. கால் டீஸ்பூன் அளவுக்கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் மேல்மட்டம் தட்டிவிடுங்கள். ஒரு கால் டீஸ்பூன் ஏறக்குறைய 1.2 கிராம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு கரண்டி என்று ஐந்து அளவுகள். ஒவ்வொன்றும் மூன்று முறை. பதினைந்து பலூன், 750 மில்லி வினிகர், வெள்ளோட்டத்தையும் சேர்த்தால் ஒரு லிட்டர்.

செய்முறை இதுதான். வினிகர் சிறிய வாயுள்ள பாட்டிலில். சோடா புனல் வழியாகப் பலூனுக்குள். பலூன் வாயைப் பாட்டில் வாயில் மாட்டிய பிறகு பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்ட வேண்டும். சரியாக இரண்டு நிமிடம் கழித்துப் பலூனின் மிகப் பருத்த இடத்தில் நூலைச் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்து அளக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பலூனுக்குப் பதில் மூடி போட்டுப் பாட்டிலை அடைப்பது ஆபத்து, விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

எங்கே கெடும்? புதுப் பலூன் விறைப்பாக இருக்கும். எல்லாப் பலூனையும் முன்பே இரண்டு முறை ஊதித் தளர்த்தாவிட்டால் அளவு குறைவாக வரும். பலூனுக்குள் ஈரம் இருந்தால் சோடா ஒட்டிக்கொண்டு முழுதாக விழாது, அதனால் ஊதித் தளர்த்துவதைக் கைப்பம்பால் செய்யுங்கள், வாயால் வேண்டாம். பாட்டில் வாயில் கசிந்தால் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். அளக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

முடிவு எப்படி வரும் என்பதில்தான் இதன் அழகு. 5 சதவீத வினிகர் 50 மில்லியில் அசிட்டிக் அமிலம் சுமார் இரண்டரை கிராம். அதைத் தீர்க்க மூன்றரை கிராம் சோடா, அதாவது மூன்று கரண்டி, போதும். எனவே மூன்று வரை பலூன் பெரிதாகிக்கொண்டே போகும், நான்கிலும் ஆறிலும் அப்படியே நின்றுவிடும்; மிச்சச் சோடா வாயுவாக மாறாமல் தங்கிவிடும். "சோடா கூடக் கூட வாயு கூடும்" என்று கணித்த பிள்ளை, கணிப்பு பாதி வழியில் உடைவதைப் பார்க்கும். கணிப்பை அழித்துத் திருத்தி எழுத வேண்டாம். ஏன் நின்றது என்ற விளக்கம்தான் மதிப்பெண். வினிகர் பாட்டிலில் வேறு சதவீதம் போட்டிருந்தால் நிற்கும் இடமும் மாறும், அதையும் குறித்து வையுங்கள். கெட்டுப்போன முறைகளின் எண்களும் தேதியோடு நோட்டில் இருக்கட்டும். நடுவர்கள் அழகாகத் திருப்பி எழுதிய நோட்டைவிட அடித்தல் திருத்தல் உள்ள நோட்டை நம்புவார்கள்.

பலகை விஷயத்தில் முதலில் பள்ளி சொன்ன அளவைப் பாருங்கள். மூன்று மடிப்புப் பலகை வழக்கமாக விரித்தால் 48 அங்குல அகலம், 36 அங்குல உயரம். தலைப்பை ஆறடி தள்ளி நின்றாலும் படிக்க முடிய வேண்டும், விளக்க எழுத்தின் அளவு கணினியில் 18 பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது. திரவப் பசை காகிதத்தைச் சுருக்கும். பசைக்குச்சியோ இருபக்க டேப்போ வாங்குங்கள். ஒட்டும் முன் எல்லாத் தாளையும் அடுக்கிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பாதியில் இடம் பற்றாமல் போகாது. வீட்டில் பாக்டீரியா, பூஞ்சை வளர்ப்பதைப் பல கண்காட்சிகள் அனுமதிப்பதில்லை. மனிதரிடம் கேள்வித்தாள் கொடுப்பதற்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதற்கும் முன்அனுமதி கேட்கும் கண்காட்சிகளும் உண்டு. சோதனை முடிந்த பிறகு அனுமதி கேட்டுப் பயனில்லை.

பெரியவர்கள் எதுவரை? பொருள் வாங்கலாம், கத்தி பிடிக்கலாம், கேள்வி கேட்கலாம், எழுத்துப்பிழை இருக்கும் வரியைச் சுட்டலாம். எழுதக் கூடாது, ஒட்டக் கூடாது. "ஏன் மூன்று முறை செய்தாய்?", "மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்?" என்ற இரண்டு கேள்வியில் பலகை யாருடையது என்று நடுவருக்குத் தெரிந்துவிடும்.

வெளியூர்ப் பயணத்துக்கு வருவோம். படிவத்தில் அவசர எண்ணாகப் பெற்றோர் இருவர் எண்ணோடு, அன்றைக்குக் கட்டாயம் போன் எடுக்கக்கூடிய மூன்றாவது ஆளின் எண்ணும் வேண்டும். மருந்தை மாத்திரை அட்டையிலிருந்து பிரித்துத் துணுக்குத் தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அசல் உறையோடு, எவ்வளவு, எப்போது என்று எழுதி ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர் பிள்ளையிடமே இருக்கப் பள்ளியின் அனுமதியை முன்பே வாங்குங்கள். கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி வெயிலில் நிறுத்திய பஸ்ஸுக்குள் கிடக்கக் கூடாது, சூட்டில் மருந்து கெடும். ஆசிரியரோடு கூடவே நடக்க வேண்டும். பஸ்ஸில் குமட்டும் பிள்ளைக்கு முன் இருக்கை, பார்வை தொலைவில், கையில் போன் இல்லாமல். இதைப் படிவத்திலேயே எழுதிவிட்டால் காலையில் இடத்துக்குக் கெஞ்ச வேண்டியதில்லை.

உடல்நலப் பரிசோதனை, தடுப்பூசி நாள்களும் இந்த வயதில்தான் வரும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகக் குறிப்பது 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளை. கையெழுத்தில்லாத படிவம் என்றால் அன்று ஊசி இல்லை, அடுத்த முகாம் எப்போது என்று காத்திருக்க வேண்டும். வளரிளம் வயதில் ஊசிக்குப் பின் மயக்கம் வருவது உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போவதும், போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். கண் பரிசோதனைச் சீட்டு மட்டும் பையிலேயே தங்கிவிடுகிறது. கண்ணாடி போடப் பிடிக்காத பிள்ளை அதை நினைவாக எடுத்துத் தராது.

விளையாட்டு விழாவுக்குப் புதுக் காலணி வாங்குவதானால் இரண்டு வாரம் முன்பு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓட்டத்தின் பாதியில் கொப்புளம். வயிறு நிறையச் சாப்பிடுவதை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். விளையாட்டுத் தேர்வும் இசை ஒத்திகையும் ஒரே மாலையில் மோதினால் இரண்டு ஆசிரியர்களிடமும் போய்ச் சொல்ல வேண்டியது பிள்ளை, அதுவும் ஒரு வாரம் முன்பே. ஒத்திகைகள் நீளும் வாரங்களில் முதலில் வெட்டுப்படுவது தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 வயதிலிருந்து 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. இரண்டு நிகழ்ச்சி ஒரே வாரத்தில் வந்தால் ஒன்றை விடுவதில் தவறில்லை என்பது என் கட்சி.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். ஏழு பேரையும் பார்க்க முடியாது. மதிப்பெண் சரிந்த பாடம் ஒன்று, பிள்ளை வீட்டில் பேசவே பேசாத பாடம் ஒன்று, வகுப்பாசிரியர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை அடுத்தடுத்துப் பதியாமல் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் சந்திப்பு நீண்டால் மூன்றும் தடம்புரளும். "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் கவனம் வேண்டும்" என்றுதான் பதில் வரும். திருத்திய விடைத்தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வகைக் கேள்வியில் மதிப்பெண் போகிறது, கடைசி மூன்று வீட்டுப்பாடத்தில் எது வந்து சேரவில்லை, தேர்வுக்கும் செயல்திட்டத்துக்கும் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, புரியாதபோது வகுப்பில் வாய் திறக்கிறாளா என்று கேளுங்கள். பள்ளி அனுமதித்தால் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். முதுகுக்குப் பின்னால் பேசியதாக அது நினைக்காது, ஒப்புக்கொண்டதை மறுக்கவும் வழியில்லை. பேசி முடிவானதை அன்று இரவே இரண்டு வரியில் அந்த ஆசிரியருக்கு எழுதி அனுப்பிவிட்டு, மூன்று வாரம் தள்ளி ஒரு நாளைக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். அன்று பார்க்க வேண்டியது அந்தப் பாடத்தின் நோட்டை மட்டும்.