சுருங்கச் சொல்லலுக்கு 26 நிமிடம்

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே ஆண்டுதோறும் நடத்தும் பேச்சாளர் மாநாட்டில் இந்த முறை எனக்குக் கிடைத்த பொறுப்பு, முன்வரிசையில் அமர்ந்து பேச்சாளருக்கு நேரத்தைக் காட்டுவது. ஆதரவாளர்களுக்குக் கடிதம் எழுதியே ஓய்ந்துபோயிருந்த நண்பர்கள், உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும் வேலை என்று என்மேல் பொறாமைகூடப் பட்டார்கள்.

இது டெட்எக்ஸ் வகை மாநாடு. சிறு உரைகளுக்குப் பெயர்பெற்ற ‘டெட்’ என்ற அமெரிக்க அமைப்பிடம் உரிமம் பெற்று அந்தந்த ஊர்க்காரர்கள் தனியாக நடத்துவது என்பதைத்தான் பெயரின் கடைசியில் நிற்கும் ‘எக்ஸ்’ குறிக்கிறது. 2009இல் தொடங்கிய திட்டம். உரிமத்தின் பின்னாலேயே விதிகளும் வந்துசேரும். எந்த உரையும் 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேச்சாளருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. உரிமம் வைத்திருப்பவர் டெட் மாநாட்டுக்கு நேரில் போய்வந்தவராக இல்லாவிட்டால், அரங்கில் 100 பேருக்கு மேல் அமரக் கூடாது. எங்கள் குழுத் தலைவி போனதில்லை. அந்த நூறு இருக்கைகளிலும், உணவங்காடி நிலையத்தில் மேசை பிடிப்பதைப் போல டிஷ்யூ பொட்டலங்களை வைத்து இடம் பிடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனவர்களின் கதை தனி.

விதிகளை வீட்டில் விவரித்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “பொன்னாடையாவது உண்டா?” இல்லை என்றதும், அப்படியானால் யாரும் வரமாட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்.

ஐயா வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; எங்கள் புளோக்கிலேயே நான்கு மாடி மேலே குடியிருப்பவர். ‘சுருங்கச் சொல்லல்’ என்ற தலைப்பை அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளை அடுக்கும் நன்னூல் முதலிடம் தருவது சுருங்கச் சொல்லலுக்குத்தான் என்பதும், அது பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் உண்டு என்பதும் அவர் புண்ணியத்தில் எங்கள் குழுவின் சீன, மலாய் நண்பர்களுக்கும் மனப்பாடமாயின. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரே செய்தியை இரண்டு முறை போட்டால், “கூறியது கூறல்” என்று குழுத் தலைவியே கண்டிக்கும் நிலை ஏற்பட்டது. உரை ஆங்கிலத்தில், மேற்கோள்கள் மட்டும் தமிழில் என்பது ஏற்பாடு.

ஒத்திகைக்கு முந்தைய வாரம் தேக்கா சந்தையில் தே-ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடித்துக்கொண்டிருந்தபோது ஐயா மெல்லக் கேட்டார்.

“தம்பி, அந்தப் பதினெட்டு நிமிடத்தில் அவையடக்கம் சேருமா, சேராதா?”

“சேரும், ஐயா.”

“அழைத்தவர்களுக்கு நன்றி சொல்வது?”

“அதுவும் சேரும், ஐயா.”

“பிறகு பேசுவதற்கு என்னப்பா மிஞ்சும்?”

நியாயமான கேள்விதான். ஒத்திகையில் 21 நிமிடம் பேசினார். மேடையில் சரியாகிவிடும் என்று எங்களுக்கு ஆறுதலும் சொன்னார். குழுவினர் அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தமிழ்ப்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால், ஐயாவை நிறுத்துவது என் கடமை என்று அந்தப் பார்வையிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மாநாட்டன்று ஐயா மேடையேறி, நடுவில் கிடந்த சிவப்பு வட்டக் கம்பளத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றார். புதுக் கம்பளம். குனிந்து காலணிகளைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலுடன் வட்டத்துக்குள் போனார். அடுத்துப் பேச வந்த பேராசிரியை அதைத்தான் விதி என்று எடுத்துக்கொண்டு தாமும் கழற்ற, அவருக்குப் பின் வந்தவர்களும் கழற்றினார்கள். அவர்களில் ஒருவருடைய காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்ததைக் கேமரா மிகத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது.

மேடை விளிம்பில் ஒரு சிறு திரை உண்டு. அதில் நேரம் 18:00இலிருந்து இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டதும் எண்கள் சிவப்பாகி, எவ்வளவு மீறியிருக்கிறது என்று காட்டுவதற்காக மேல்நோக்கி ஏறத் தொடங்கும். இதை எல்லாப் பேச்சாளருக்கும் விளக்கினோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அவையடக்கத்துக்கு மூன்று நிமிடம் போயிற்று. பதின்மூன்றாம் நிமிடத்தில் ‘5’ என்ற அட்டையை உயர்த்தினேன், கனிவுடன் தலையசைத்தார். ‘1’ என்ற அட்டையை உயர்த்தியபோது, “ஐயம் இருந்தால் இறுதியில் கேட்கலாம், தம்பி” என்று ஒலிவாங்கியிலேயே தமிழில் சொன்னார். அரங்கு சிரித்தது. திரையில் பூஜ்யம் வந்தது, சிவந்தது, ஏறத் தொடங்கியது. ஐயா அதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு வாங்கிய காலத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்ன கதையை, இந்த முறை தபால் நிலையத்தின் அமைப்பு உட்பட, மீண்டும் தொடங்கினார்.

கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் சார்ஜெண்டாக இருந்துவிட்டு வந்த எங்கள் மேடைப் பொறுப்பாளர், காதுக்கருவியில் என்னிடம் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வழியின்றி எழுந்து நின்றேன். ஐயா பேச்சை நிறுத்தாமலே, வகுப்பில் செய்வதைப் போல், உட்கார் என்று கையமர்த்தினார். உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பழக்கம் அப்படிச் செய்துவிட்டது. இதற்காக நான் வெட்கப்படுவதாக இல்லை.

உரை முடிந்தபோது திரை 8:14 காட்டியது. கைதட்டல் உண்மையிலேயே பலமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் ஐயா என் தோளைத் தட்டினார். “நேரம் தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன், தம்பி. நல்லவேளை, நீங்கள் கூட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள்.”

காணொளியைத் தொகுக்கும் வேலையும், தமிழ் தெரிந்தவன் என்ற அதே காரணத்தால், என்னிடமே வந்தது. மூன்று இரவுகள் உட்கார்ந்து அவையடக்கத்தை எடுத்தேன். இரண்டாவது தந்தியை எடுத்தேன். நன்றிகளில் பாதியை எடுத்தேன். மனமில்லாமல், எனக்குச் சொன்ன பதிலையும் எடுத்தேன். கடைசியில் 17 நிமிடம் 52 விநாடியில் வந்து நின்றது.

இணையத்தில் ஏற்றிய அன்று மாலையே ஐயா தொலைபேசியில் அழைத்தார்.

“பார்த்தேன், தம்பி. பதினெட்டு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்கள் எல்லாரும் அன்று வீணாகத்தானே பதறினீர்கள்?”

“ஆமாம், ஐயா” என்றேன்.