குறுகிய குழலின் நெடுந்தூரம்

தொலைதூரத் துப்பாக்கிச் சுடுதலைப் பற்றிப் பேச்சு வந்தால், குழலின் விட்டம் எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. குழல் பெரிதானால் மருந்து அதிகம் கொள்ளும், மருந்து அதிகமானால் வேகம் கூடும், வேகம் கூடினால் தூரமும் கூடும் என்று அந்தக் கணக்கு தானாகவே ஓடிவிடுகிறது. ஆனால் இத்துறையின் முதல் பெரிய பாய்ச்சல் குழலைச் சிறிதாக்கியதால்தான் கிடைத்தது. அதைச் செய்தவரின் பெயர் நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். போல்ட்டு நட்டுக் கடைகளில் இன்றும் கேட்டு வாங்கப்படும் விட்வொர்த் மரைக்கு அளவு வகுத்த மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த்தான் அவர்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியே அப்போது பிரிட்டிஷ் படையின் ஆயுதம். குழல் விட்டம் 0.577 அங்குலம். 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்குப் பொறி வைத்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் இதே துப்பாக்கிக்கு உரியவை. கையால் செய்யப்பட்ட இந்தத் துப்பாக்கிகளில் ஒன்று சுடுவது போல மற்றொன்று சுடவில்லை. எனவே அவற்றை இயந்திரத்தால் செய்ய வழி காட்டுமாறு 1854இல் விட்வொர்த்தை அரசு அணுகியது. நல்ல குழல் எப்படி இருக்க வேண்டும் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில் இயந்திரம் வகுத்துப் பயனில்லை என்று அவர் கருதினார். மான்செஸ்டரில் தம் வீட்டு வளாகத்திலேயே 500 கஜ நீளத்தில் மூடிய சுடுகூடம் ஒன்றை அரசுச் செலவில் கட்டினார். புயலில் ஒருமுறை இடிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட கூடம் அது. காற்று உள்ளே வராதபடி மூடி, குண்டு செல்லும் வழியெங்கும் மெல்லிய தாள்களைத் திரைகளாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு திரையிலும் குண்டு விட்டுச் சென்ற ஓட்டையின் உயரத்தை அளந்தால் அது பறந்த வளைவு கிடைத்துவிடும். ஓட்டை வட்டமாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று பார்த்தால், மூக்கை முன்னிட்டுப் பறந்ததா, தலை சாய்ந்து தடுமாறியதா என்பதும் தெரிந்துவிடும். அதிவேகக் கேமராவும் ரேடாரும் இல்லாத காலத்தில் பறக்கும் குண்டின் பாதையை இவ்வளவு எளிய பொருளைக் கொண்டு படித்த அந்த அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அந்தச் சோதனைகளிலிருந்து பிறந்த துப்பாக்கியின் குழல் விட்டம் 0.451 அங்குலம். உட்புறம் அறுகோணம். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டும் சுழல்வரி, என்ஃபீல்டு குழலில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் குழலில் 20 அங்குலத்துக்கே ஒரு முழுச் சுற்று. 1857 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹைத் சுடுபயிற்சிப் பள்ளியில் இரண்டையும் ஒப்பிட்டனர். குண்டின் எடை இரண்டுக்கும் ஒன்றுதான்: 530 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 34 கிராம். 500 கஜத்தில் என்ஃபீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த் குண்டுகளுடையது 0.37 அடி. 1,100 கஜத்தில் இவை 8.04 அடியும் 2.62 அடியும் ஆயின. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கையே தொடவில்லை, விட்வொர்த் 4.62 அடி விலகலில் நின்றது.

இதன் காரணம் ஒரு வகுத்தலில் இருக்கிறது. குண்டின் எடையைப் பவுண்டிலும் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்துக்கொண்டு, எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதைக் குறுக்குவெட்டு அடர்த்தி என்கிறோம். காற்று எவ்வளவு பரப்பில் தடுக்கிறது, அந்தத் தடையை மீற எவ்வளவு எடை பின்னால் இருக்கிறது என்பதன் அளவு அது. என்ஃபீல்டு குண்டுக்கு இது 0.227, விட்வொர்த் குண்டுக்கு 0.372. அதே ஈயத்தை ஒல்லியாக நீட்டியதால் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனால் நீண்ட குண்டு சும்மா பறக்காது. காற்று அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டிவிடப் பார்க்கும். அதை நிமிர்த்தி வைத்திருப்பது சுழற்சி மட்டுமே. பம்பரம் வேகமாகச் சுற்றும் வரை நிமிர்ந்து நிற்பதைப் போன்றதுதான் இதுவும். குண்டு நீளும்போது சுற்றும் இறுக வேண்டும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் வுல்விச் பீரங்கிப் படைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் ஒரு சூத்திரம் தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வருவது ஒரு சுற்றுக்கான அங்குலம். விட்டத்தைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள 0.451 அங்குலக் குண்டுக்கு இது சுமார் 22 அங்குலம் என்று விடை தருகிறது. சூத்திரம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தாள் திரைகளைப் பார்த்து விட்வொர்த் 20 அங்குலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

படை அந்தத் துப்பாக்கியை ஏற்கவில்லை. விலை அதிகம், கரிமருந்தின் கசடு குறுகிய குழலில் விரைவில் அடைத்துக்கொள்கிறது, போர்க்கருவிக்கு அந்த விட்டம் போதாது என்றெல்லாம் சொல்லப்பட்டது. கசடு பற்றிய குறை நியாயமானது. விட்டம் பற்றியது அன்று. அதே பிரிட்டிஷ் படை 1871இல் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியை ஏற்றபோது அதன் குழல் 0.45 அங்குலம், சுற்று 22 அங்குலம். போட்டிக் களமோ இதை முன்பே புரிந்துகொண்டிருந்தது. 1860 ஜூலையில் விம்பிள்டனில் முதல் தேசியப் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். தாங்கியில் பூட்டிய விட்வொர்த் துப்பாக்கியிலிருந்து அவர் சுட்ட குண்டு, 400 கஜத்துக்கு அப்பால் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத் தொலைவில் பதிந்தது.

எடைக்கு அடுத்தது வடிவம். விட்வொர்த் குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தி, இன்றைய 308 வகையின் (0.308 அங்குல விட்டம்) 175 கிரெய்ன் போட்டிக் குண்டினுடையதைவிட அதிகம். பின்னதற்கு அது 0.26 அளவே. அப்படியிருந்தும் இன்றைய குண்டு தன் வேகத்தை அதைவிட நன்றாகக் காக்கிறது. ஏன் என்பதை 1886இல் ஃபியூமே நகரில் பீட்டர் சால்ஷர் எடுத்த படங்கள் கண்முன் காட்டின. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கின் யோசனைப்படி, மின்பொறியின் ஒளியில் பறக்கும் குண்டின் நிழலை அவர் பதிவு செய்தார். குண்டின் மூக்குக்கு முன்னால் படகு கிழிக்கும் நீர்போல வளைந்த அலை. பின்புற விளிம்பிலிருந்து இரண்டாவது அலை. அதற்கும் பின்னால், வெற்றிடத்தை நிரப்பத் துடிக்கும் காற்றின் சுழல்கள். ஒலியை மிஞ்சும் வேகத்தில் குண்டு தன் ஆற்றலை எங்கெங்கே இழக்கிறது என்பதற்கு அந்தப் படங்களைவிடத் தெளிவான விளக்கம் இன்றுவரை எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். மழுங்கிய மூக்கின் முன் அலை குண்டிலிருந்து விலகி அகன்று நிற்கும். கூர்மூக்கின் அலையோ ஒட்டிச் சாய்ந்து கிடக்கும். பின்பகுதியைச் சற்றே ஒடுக்கினால் பின்னால் உள்ள வெற்றிடம் சுருங்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1898இல் லெபெல் துப்பாக்கிக்கு வடித்த குண்டு இந்த இரண்டையும் ஒருங்கே பெற்றிருந்தது: முழுவதும் ஒரே உலோகம், கூர்மூக்கு, ஒடுங்கிய வால். ஜெர்மனியும் அமெரிக்காவும் அடுத்த சில ஆண்டுகளில் கூர்மூக்கை எடுத்துக்கொண்டன. வாலைத் தட்டையாகவே விட்டன. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டுக் குண்டு 150 கிரெய்ன் எடையில் நல்ல வேகத்தோடு புறப்பட்டது. ஆனால் முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிகளைக் கொண்டு தொலைவிலிருந்து சுட வேண்டி வந்தபோது, ஏட்டில் எழுதியிருந்த தூரத்தை அது எட்டவில்லை. உண்மையில் 3,400 கஜம் அளவில் விழுந்துவிட்டது. போருக்குப் பின் நடந்த ஆய்வில் 173 கிரெய்ன் எடையும் ஒடுங்கிய வாலும் கொண்ட குண்டு உருவானது. அது 5,500 கஜம்வரை சென்றது. புறப்படும் வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை, குழலும் அதேதான். அந்தக் குண்டு மிகத் தொலைவு சென்றதாலேயே உள்நாட்டுப் பயிற்சிக் களங்களின் பாதுகாப்பு எல்லை போதாமல் போய், 1930களின் இறுதியில் தட்டை வாலுக்கே திரும்பினார்கள்.

அப்படியானால் பெரிய காலிபருக்கு, அதாவது அகன்ற குழலுக்கு, வேலையே இல்லையா என்றால், இருக்கிறது; அதற்கான காரணம் மருந்தின் அளவைவிட வடிவக்கணக்கில்தான் பெரிதும் இருக்கிறது. ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட குண்டின் விட்டத்தை இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அதனால் குறுக்குவெட்டு அடர்த்தி இரட்டிக்கும். ஜான் பிரவுனிங்கின் 50 காலிபர் (0.50 அங்குல) தோட்டா முதல் உலகப் போரின் முடிவில், 30-06 எனப்படும், மேலே சொன்ன 1906ஆம் ஆண்டு அமெரிக்கத் தோட்டாவைப் பெரிதாக்கிய வடிவில் உருவானது. அதற்கான 750 கிரெய்ன் போட்டிக் குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தி 0.41. 1,000 கஜத்தில் இதன் பயன் காற்றுத் தள்ளலில் தெளிவாகத் தெரிகிறது.

பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, அது வானில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையான விதி அதைவிட நுட்பமானது, அழகானதும்கூட. குண்டு இலக்கை அடைய எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெளியில் அதே வேகத்தில் புறப்பட்டால் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வருவதே விலகல். விநாடிக்கு 790 மீட்டரில் புறப்படும் 175 கிரெய்ன் 308 குண்டுக்கு 1,000 கஜத்தில் அந்தத் தாமதம் சுமார் 0.55 விநாடி. விநாடிக்கு 860 மீட்டரில் புறப்படும் 750 கிரெய்ன் 50 காலிபர் குண்டுக்கு அது அதில் பாதிக்கும் குறைவு. விநாடிக்கு நான்கரை மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் முதலாவது ஏறத்தாழ இரண்டரை மீட்டர் விலகும். இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவாகவே விலகும். காற்றைக் கணிப்பதில் சுடுபவர் செய்யும் பிழையும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆயிரம் கஜக்காரர்கள் பெரிய குழலுக்காக அந்த எடையையும் உதையையும் பொறுத்துக்கொள்வதற்குத் தகுந்த காரணம் என்று நான் ஏற்பது இது ஒன்றைத்தான்.

பெரிய குழலின் கதையும் விட்வொர்த் சென்ற வழியிலேயே திரும்பியது. 2000களின் நடுவில் பாரெட் நிறுவனம் 50 காலிபர் தோட்டாவின் உறையைச் சற்றே குறுக்கி, அதன் கழுத்தை 0.416 அங்குலத்துக்கு ஒடுக்கியது. முழு உலோகத் தண்டிலிருந்து கடைசலில் கடைந்தெடுத்த ஒல்லியான குண்டுகள் அதற்கு வந்தன. 500 கிரெய்ன் எடையுள்ள 416 குண்டின் குறுக்குவெட்டு அடர்த்தி, 750 கிரெய்ன் 50 காலிபர் குண்டினுடையதற்குச் சமம். எடையோ மூன்றில் இரண்டு பங்கு. ஏறத்தாழ அதே மருந்து இலகுவான குண்டைத் தள்ளுவதால் புறப்படும் வேகமும் கூடுகிறது. நியூ மெக்சிகோவின் ராட்டன் நகருக்கு அருகே, இரண்டு மைல் தூர இலக்குகளைச் சுடும் போட்டியில் 375, 416 காலிபர்கள் முன்னுக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

அந்தக் களம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதையும் மறக்கக் கூடாது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையில் அதே துப்பாக்கி அதே தூரத்தை அவ்வளவு எளிதாக எட்டாது. மெல்லிய காற்றிலும் 3,520 கஜம் செல்ல ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறது. அந்நேரத்தில் குண்டு, குழலின் நேர்கோட்டிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். பூமியின் சுழற்சி மட்டுமே அதை முக்கால் மீட்டர் அளவுக்கு வலப்புறம் ஒதுக்கிவிடும். புறப்படும் வேகம் நூறில் ஒரு பங்கு மாறினால் குண்டு இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறியோ இறங்கியோ விழும். தோட்டாவுக்குத் தோட்டா மருந்தை நுண்தராசில் நிறுப்பது இந்த இரண்டு மீட்டருக்காகத்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம், குண்டு ஒலியின் வேகத்துக்கு இறங்கி வரும் கட்டம். ஒலியைப் போல் 1.2 மடங்கு வேகத்திலிருந்து 0.8 மடங்குக்கு வருவதற்குள், மூக்கிலும் உடலிலும் ஒட்டியிருந்த அதிர்வலைகள் இடம் மாறுகின்றன. அவற்றோடு காற்றின் தள்ளுவிசை செயல்படும் புள்ளியும் மாறுகிறது. குழலைவிட்டு வெளியேறியபோது நிமிர்ந்து சென்ற குண்டு, அந்தக் கட்டத்தில் சிறிய தள்ளாட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒரே குழலிலிருந்து ஒரே நாளில் சுட்ட குண்டுகள்கூட இந்தக் கட்டத்தைக் கடந்தபின் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அதனால்தான் ஒரு துப்பாக்கியின் பயன் தூரத்தைப் பெரும்பாலும், குண்டு ஒலியை மிஞ்சிய வேகத்தில் இருக்கும் தூரமாகவே சொல்கிறார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் குழல்வாய் ஆற்றல் அதைப் பற்றி எதையும் சொல்வதில்லை. குண்டு புறப்படும் வேகம், அதன் குறுக்குவெட்டு அடர்த்தி, மூக்கின் நீளம், வாலின் கோணம், குழலின் சுற்று ஆகிய ஐந்தையும் தெரிந்துகொண்டால் அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சுடும் இடத்தின் உயரத்தையும் வெப்பத்தையும் கூடவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.